‘முள்ளு குத்திடுச்சு சார்’: அடைப்பான் நோயில் உயிர் காக்கும் ஒரு வரி

என் மாமாவின் இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பழைய எட்டணா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அந்த இடத்தில் தோல் கொஞ்சம் பள்ளமாக, வழவழவென்று, முடி முளைக்காமல் இருக்கும். யாராவது கேட்டால் இன்றைக்கும் முதலில் “முள்ளு குத்துனது” என்றுதான் சொல்வார்.

முள் எதுவும் குத்தவில்லை. மாமாவின் ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம். அந்த வருடம் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மேய்ச்சல் காட்டில் முதல் மழை விழுந்து நாலைந்து நாள் இருக்கும். பட்டியைத் திறந்தால் ஒரு வெள்ளாடு செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரை தழை கடித்துக்கொண்டிருந்த ஆடு. வயிறு உப்பிப்போய், மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் ஒழுகியிருந்தது. பாம்புதான் கடித்திருக்கும் என்று பேசி முடித்துவிட்டார்கள். பாம்பு கடித்த ஆடு என்றால் குடலைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கறியைச் சாப்பிடலாம் என்பது அங்கே ஒரு கணக்கு. மாமாதான் உரித்தார். கறி நாலு வீட்டுக்குக் கூறு போட்டுப் போனது.

நாலாம் நாள் கையில் ஒரு சின்னப் பரு. பக்கத்து ஊர் கிளினிக்கில் “முள்ளு குத்திடுச்சு சார்” என்றார். ஊசி போட்டார்கள். மறுநாளும் போட்டார்கள். கை முழங்கை வரை வீங்கியது. மூன்றாம் நாள் அத்தை பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த இளம் டாக்டர் புண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாமாவைக் கேட்காமல் அத்தையைத்தான் கேட்டார்.

“வீட்ல ஆடு, மாடு ஏதாவது திடீர்னு செத்துச்சாம்மா?”

“ஆமாம்மா, மழ பேஞ்சப்ப ஒரு ஆடு போயிடுச்சு. இவருதான் அறுத்தாரு.”

அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் சேர்ந்துதான் மாமாவின் உயிரைக் காப்பாற்றின. மருந்தின் பங்கு அதற்கு அடுத்தது. நான் இதைக் குடும்பக் கதைக்காகச் சொல்லவில்லை. ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயில் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் இந்த ஒரு வரி டாக்டரின் காதுக்கு எப்போது போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்கு மருத்துவக் காரணமே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பக்கம் மாடு திடீரென்று விழுந்தால் ‘அடைப்பான்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம். ஆனால் தொண்டை அடைப்பான் வேறு நோய். அதில் தொண்டை வீங்கி மாடு மூச்சுக்குத் திணறும். சப்பை நோயும் வேறு. அதில் தொடையோ தோளோ வீங்கி, அமுக்கினால் நறநறவென்று சத்தம் கேட்கும். இந்த மூன்றுமே மழைக்காலத்தை ஒட்டி வரும், மூன்றுமே சீக்கிரம் கொல்லும். ஆனால் மாட்டை அறுத்த மனிதனின் கையில் ஏறிப் பெரிய நோயாக நிற்பது வெறும் ‘அடைப்பான்’ மட்டும்தான். அதில் பல சமயம் நோய் என்று பார்ப்பதற்கே நேரம் இருக்காது. ராத்திரி தீவனம் தின்ற மாடு விடியும்போது பிணமாகக் கிடக்கும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகத் தார் மாதிரி ரத்தம் வரும், அது உறையாது. உடம்பும் வழக்கம்போல விறைக்காது.

இதற்குக் காரணமான பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற பாக்டீரியாவை நோயோடு சேர்த்து நிரூபித்தவர் ராபர்ட் கோக். 1876-இல் அவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் இல்லை. வோல்ஸ்டைன் என்ற சின்ன ஊரில் கிராமத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வட்டார மருத்துவர். ஒரு நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமிதான் காரணம் என்று உலகம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது ஆடு மாடு வளர்க்கிற ஊரில் நடந்த இந்த வேலையில்தான். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

கோக் அப்போது கண்டுபிடித்த இன்னொன்றுதான் நமக்கு இன்றைக்கும் தேவைப்படுகிறது. இந்தக் கிருமி சாதகமில்லாத நிலைமை வந்தால் வித்தாக மாறிவிடும். தமிழில் வித்து என்கிறோம், ஸ்போர் என்றால் சட்டென்று புரியும். கேழ்வரகு விதை குதிருக்குள் கிடப்பது போல, சாகாமல், வளராமல், மண்ணில் கிடக்கும். எவ்வளவு நாள்? பிரிட்டன் 1942-இல் ஸ்காட்லாந்து கரையோரம் இருக்கும் குருயினார்ட் என்ற குட்டித் தீவில் ஆடுகளைக் கட்டிவைத்து ஆந்த்ராக்ஸ் குண்டைச் சோதித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்தத் தீவில் யாரும் கால் வைக்க முடியவில்லை. 1986-இல் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து தீவு மண்ணையே நனைத்தார்கள். 1990-இல்தான் பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். ஒரு தலைமுறை பிறந்து நடுவயதுக்கு வரும் காலம் அது.

நம் காட்டுக்கு அதை அப்படியே பொருத்திப் பாருங்கள். தாத்தா காலத்தில் மாடு செத்துப் புதைத்த இடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோடையில் புல் காய்ந்துபோனால் ஆடு மாடு வேர் வரை கரம்பும், வாயில் மண்ணும் போகும். காய்ந்த புல்லும் முள்ளும் வாய்க்குள் கீறும். அப்புறம் மழை வந்து, மேட்டில் கிடந்த வித்துகளை அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் சேர்க்கும். அங்கேதான் முதலில் பச்சை தெரியும், ஆடுகளும் அங்கேதான் போகும். வறட்சியும் அதை ஒட்டிய மழையும் சேர்ந்தால் இந்த நோய் தலைகாட்டும் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். 2016-இல் சைபீரியாவின் யமல் பகுதியில் கடும் வெயிலில் உறைமண் இளகி, ஆயிரக்கணக்கான பனிமான்கள் செத்து, ஒரு சிறுவனும் இறந்தபோதும் அடிப்படை இதேதான். பழைய மண் திறந்துகொண்டது.

இங்கே காட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் வேலி கிடையாது. தேன்கனிக்கோட்டை, உரிகம், பென்னாகரம் மலையோரங்களில் ஆலம்பாடி மாடுகள் காட்டுக்குள் மேய்ந்தே வளர்ந்த இனம். அதே காட்டில்தான் யானையும் மானும் காட்டுப்பன்றியும் திரிகின்றன. 2022-இல் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகள் செத்தபோது காரணம் ஆந்த்ராக்ஸ்தான். ஆகவே காட்டில் செத்துக் கிடக்கும் எதையும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்வது வனச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் செய்ய வேண்டியது இல்லை.

சரி, பட்டியில் ஒரு உயிர் இப்படிச் செத்துவிட்டது. கத்தியைத் தூக்காமல் இருந்தால் என்ன ஆகும்? அடைப்பானில் செத்த மாட்டின் உடம்புக்குள் கோடிக்கணக்கில் இருப்பவை வளரும் நிலையிலுள்ள கிருமிகள். அவை வித்தாக மாறக் காற்று வேண்டும். உடம்பை அறுக்காமல் விட்டால், உள்ளே அழுகல் ஏற்பட்டுச் சில நாட்களில் பெரும்பாலானவை தாமாகவே செத்துப்போகும். அறுத்தால் ரத்தம் மண்ணில் வழியும், காற்றுப் படும், அவ்வளவும் வித்தாகும். ஒரு கத்திக்கீறல் ஒரு நாள் பிரச்சினையைப் பல பத்தாண்டுப் பிரச்சினையாக மாற்றிவிடுகிறது. கால்நடை மருத்துவர்களே இந்த நோயைச் சந்தேகித்தால் பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டார்கள். காது ரத்தக்குழாயில் ஊசியால் குத்தி ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் முனை மழுங்கிய நீலக் குச்சிகள் சங்கிலி போல வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு உறை இருக்கும். மெக்ஃபாடியன் என்பவர் 1903-இல் சொன்ன முறை, இன்றும் மாட்டாஸ்பத்திரியில் செய்யக்கூடிய எளிய சோதனை. ஒரு சொட்டுக்கே பதில் கிடைக்கிறபோது வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவையே இல்லை. 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வரும்வரை நாயும் காக்காயும் கிழிக்காமல் முள்வெட்டிப் போட்டு மூடி வைத்தால் போதும். எரிப்பது நல்லது. முடியாவிட்டால் செத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, கிணறு ஓடையிலிருந்து தள்ளி, ஆறடிக்குக் குறையாத ஆழத்தில் தோலோடு புதைக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் வழியெல்லாம் ரத்தம்.

இனி மனித உடம்புக்கு வருவோம். உலகம் முழுக்க மனிதருக்கு வரும் ஆந்த்ராக்ஸில் மிகப் பெரும்பாலானது தோலில் வருவதுதான். கையில், முகத்தில், கழுத்தில் ஒரு சின்னக் கீறல் வழியாக வித்து உள்ளே போகிறது. ஒன்று முதல் ஏழு நாளுக்குள் கொசு கடித்தது போல ஒரு பரு, அரிக்கும். ஒன்றிரண்டு நாளில் அது நீர்க்கொப்புளமாகும், சுற்றிலும் குட்டிக் கொப்புளங்கள் வட்டமாக முளைக்கும். அப்புறம் உடைந்து நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தின் அடியில் கறுப்பு ஏறும், அடுப்புக்கரி மாதிரி அப்பட்டமான கறுப்பு. ஆந்த்ராக்ஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கரி என்றுதான் பொருள். சுற்றியுள்ள தசை புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக வீங்கும்.

இத்தனைக்கும் அந்தப் புண் வலிக்காது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நம் ஆட்கள் வலித்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். வலிக்காத புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் போய்விடுவார்கள். மருந்தே கொடுக்காமல் விட்டால் தோல் ஆந்த்ராக்ஸில் 100 பேரில் 10 முதல் 20 பேர் வரை இறக்கலாம். சரியான மருந்து நேரத்தில் கிடைத்தால் அது 100-இல் ஒருவருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்தச் சரியான மருந்து விலை உயர்ந்ததும் இல்லை. பென்சிலின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின். அரசு மருத்துவமனை மருந்து அலமாரியில் பல வருடங்களாக இருக்கிற பெயர்கள்தான்.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். காய்ச்சல், வீக்கம், கிருமித் தொற்று என்றால் நம் ஊரில் முதலில் கை போவது செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசிக்கு. நல்ல மருந்து, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு அந்த வகை மருந்துகளைத் தாங்கும் திறன் பிறவியிலேயே உண்டு. அடிக்கடி எழுதித்தரும் கோ-டிரைமாக்சசோல் மாத்திரையும் இதற்கு வேலை செய்யாது. அதாவது, “முள் குத்தியது” என்று சொல்லி உள்ளே போகும் நோயாளிக்கு, ஒரு நேர்மையான டாக்டர், பாடப்புத்தகப்படி, இந்தக் கிருமிக்குக் கேட்காத மருந்தையே கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. மாமாவுக்கு முதல் கிளினிக்கில் போட்ட ஊசி எது என்று சீட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பு ஒரு நிமிடம் சில்லிட்டது. அந்த டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குச் சொல்லப்பட்டது முள்.

மருந்து ஆரம்பித்த பிறகும் ஒரு குழப்பம் வரும். பென்சிலின் போட்ட ஒரு நாளிலேயே புண்ணில் கிருமி பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் கறுப்பு அப்படியே இருக்கும், வீக்கம் இன்னும் ஒருநாள் கூடக்கூடச் செய்யும். மருந்து வேலை செய்யவில்லை என்று வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள், இல்லையென்றால் வைத்தியரிடம் போய் அந்தக் கறுப்பைக் கீறி எடுக்கச் சொல்வார்கள். கீறவே கூடாது. கிருமி விட்டுப்போன நச்சு செய்த வேலை அந்தக் கறுப்பு. இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்த பொருக்காகத் தானே விழும். கீறினால் உள்ளே பரவ வழி திறந்துவிட்ட மாதிரி. கழுத்திலும் முகத்திலும் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்கலாம். அப்படியானவர்களை மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டார் பயப்படுவது இன்னொன்று: தொற்றிக்கொள்ளுமா? ஆளிடமிருந்து ஆளுக்குக் காற்றில் பரவாது. புண்ணின் நீர் நேராக வெட்டுக்காயத்தில் பட்டால் அபூர்வமாக வரலாம், அவ்வளவுதான். அத்தை மாமாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு ஊட்டினார். தட்டைத் தனியாக வைக்கச் சொன்ன சொந்தக்காரர்களைத் திட்டி அனுப்பினார். அவர் செய்தது முழுக்கச் சரி.

கறியாகச் சாப்பிட்டவர்களுக்கு வருவது வேறு வகை. தொண்டையில் புண்ணும் கழுத்து வீக்கமுமாக வரலாம், அல்லது வாந்தி, கடும் வயிற்று வலி, ரத்தப்பேதி என்று குடலில் வரலாம். அது தோல் வகையை விடப் பல மடங்கு ஆபத்து, மருத்துவம் செய்தாலும் இறப்பு கணிசமாக உண்டு. “நல்லா கொதிக்க வெச்சுட்டோம்” என்பார்கள். குழம்பு கொதிப்பதற்கு முன்னால் அந்தக் கறி அரிவாள்மணையில், கூறு போட்ட தட்டில், கழுவிய கையில் எல்லாம் இருந்திருக்கிறது. அதைக் கொதிக்க வைக்க முடியாது.

எந்த வகையாக இருந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறி மூளை உறைக்குப் போய்விட்டால் நிலைமை மோசம். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு தப்புதல். முதுகுத்தண்டில் ஊசி போட்டால் வரும் நீர் ரத்தம் கலந்து வரும். நமக்கு அடுத்த வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1990-களிலேயே இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதி, தென்னிந்தியாவில் இந்த நோய் ஓயவில்லை என்று எச்சரித்தார்கள். இந்த நிலையில் ஒரு மருந்து போதாது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து ரத்தக்குழாய் வழியாக வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். அப்போதும் பிழைப்பவர்கள் குறைவு. பருவாக இருந்த நாளில் சொல்லியிருந்தால் இங்கே வந்திருக்காது.

மருந்து கிருமியைக் கொன்ற பிறகும் சிலர் ஏன் இறக்கிறார்கள்? இந்தக் கிருமி மூன்று புரதங்களைச் சுரக்கிறது. ஒன்று நம் செல்லின் சவ்வில் ஓட்டை போட்டுக் கதவாக நிற்கிறது. மற்ற இரண்டும் அந்தக் கதவு வழியே உள்ளே போகின்றன. ஒன்று செல்லுக்குள் நடக்கும் தகவல் தொடர்பை அறுக்கிறது, இன்னொன்று நீரைக் கசியவிட்டு வீக்கத்தை உண்டாக்குகிறது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே ரத்தத்தில் இறங்கிவிட்ட நச்சை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அந்தக் கதவையே அடைக்கும் எதிர்நச்சு மருந்துகளைத் தயாரித்தார்கள். ராக்சிபாகுமாப் என்ற மருந்துக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வேகத்துக்குக் காரணம் 2001-இல் அங்கே கடிதங்களில் ஆந்த்ராக்ஸ் தூளைப் போட்டு அனுப்பியது. 22 பேருக்கு நோய் வந்தது. அதில் நுரையீரலில் வந்தவர்கள் 11 பேர், இறந்த 5 பேரும் அவர்கள்தான். மீதி 6 பேர் பிழைத்தார்கள். நுரையீரல் ஆந்த்ராக்ஸ் என்றால் சாவு நிச்சயம் என்று எழுதியிருந்த பழைய புத்தகங்களை அந்த ஆறு பேர் மாற்றி எழுத வைத்தார்கள். சீக்கிரம் ஆரம்பித்த கூட்டு மருந்தும், நெஞ்சில் கோத்த நீரை விடாமல் வடித்ததும் உதவின. ஆனால் அந்த எதிர்நச்சு மருந்துகளை நம்பி நம் ஊர் உட்கார முடியாது. நமக்குக் கைக்கு எட்டியது பென்சிலினும் அந்த ஒரு வரியும்.

அந்த வரியை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். செத்த உயிரை அறுத்துச் சாப்பிட்டோம் என்பதைச் சொல்லக் கூச்சம். சட்டைப் போட்ட டாக்டர் முகம் சுளிப்பார் என்ற பயம். சில வீடுகளுக்கு அது சாதியோடு கட்டிய அவமானம். ஊரில் மாடு செத்தால் தூக்கிப் போடவும் உரிக்கவும் ஒரு தெருவைத்தான் கூப்பிடுவார்கள், அந்தத் தெருக்காரர்கள் கைதான் முதலில் வீங்கும், அப்புறம் அவர்களையே அசிங்கம் என்பார்கள். இந்த நோயை ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் அந்த வேலையை ஒருவர் தலையில் கட்டும் பழக்கத்தைப் பேச வேண்டும். இன்னொரு காரணம் பணம். ஒரு வெள்ளாடு செத்தால் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு போன மாதிரி. போச்சம்பள்ளி சந்தையில் விற்க வைத்திருந்த ஆடு அது. கறியாகவாவது நாலு காசு மிஞ்சட்டும் என்று கத்தியை எடுப்பவரைத் திட்டி எனக்கு மனம் வராது. கேள்வியை மென்மையாக, தீர்ப்புச் சொல்லாமல் கேட்டால் பதில் வரும். அந்த இளம் டாக்டர் அத்தையைக் கேட்ட மாதிரி.

முன்கூட்டியே தடுக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. உறையில்லாத, வீரியம் குறைந்த ஸ்டெர்ன் என்ற வகைக் கிருமியின் வித்துகள்தான் அந்த ஊசியில் இருப்பவை. நோய் கண்ட பகுதியில் வருடம் ஒருமுறை போட வேண்டும். அது உயிருள்ள ஊசி என்பதால், போடும் நாட்களில் மாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் தடுப்பூசியே செத்துப்போகும். போடுபவர்களுக்கு இது தெரியும், வீட்டில் தாமாக மருந்து கொடுப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை. ஊசி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்பாப்வே சாட்சி. அங்கே 1970-களின் கடைசியில் விடுதலைப் போரில் கால்நடைத் துறை செயலிழந்து தடுப்பூசி நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் 10,000 பேருக்கு மேல் ஆந்த்ராக்ஸ் வந்தது. மனிதருக்குப் போட்டுக்கொள்ள இங்கே பொதுவான தடுப்பூசி இல்லை. மாட்டுக்குப் போடும் ஊசிதான் நமக்கும் போட்ட ஊசி.

மாமா பத்து நாளில் வீடு திரும்பினார். கறி சாப்பிட்ட நாலு வீட்டுக்கும் சுகாதாரத் துறையிலிருந்து வந்து மாத்திரை கொடுத்துவிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று சில நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சுற்றுப்பட்டிகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். உரித்த இடத்தில் ரத்தம் பட்ட மண்ணை வழித்து, மிச்சமிருந்த தோலோடு போட்டு எரித்தார்கள். அந்த இடத்தை மாமா இன்றைக்கும் வேலிகாத்தான் முள் வெட்டிப் போட்டு மூடித்தான் வைத்திருக்கிறார். மழைக்கு முன்னால் பழைய முள்ளை எடுக்காமல் அதன் மேலேயே புது முள் போடுவார். ஆடுகள் அந்தப் பக்கம் திரும்பினால், தழும்பு உள்ள கையால்தான் கோலை ஓங்குவார்.